குடலுக்கு உகந்த உணவு

வயிற்றைப் பற்றிப் பிறரிடம் பேசக் கூசும் இயல்பு நம்மவரிடம் நெடுங்காலமாக உண்டு. மலச்சிக்கலோ, வாயுத் தொல்லையோ, ஓயாத கழிச்சலோ ஒருவரை வாட்டினால், மருத்துவரிடம் செல்லுமுன் அவர் மருந்துக் கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்பார். கடைக்காரரும் ஒரு புட்டியையோ, மாத்திரைப் பட்டையையோ எடுத்துத் தருவார். இந்தக் கூச்சத்தையே மூலதனமாகக் கொண்டு இன்று ஒரு பெரும் வாணிபம் நடைபெறுகின்றது. நன்மை செய்யும் நுண்ணுயிர் அடங்கிய பானம், குடலைச் சுத்திகரிக்கும் பொடி, செரிமானத்தைத் தூண்டும் துணைச்சத்து எனப் பல பெயர்களில் அது நம் இல்லங்களுக்குள் நுழைந்துள்ளது. மளிகைக்கும் காய்கறிக்கும் ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி இவ்வாறு புட்டிகளுக்குச் செல்வதை நடுத்தரக் குடும்பங்களில் நாம் காண்கிறோம். செல்லும் பணம் பலன் தருமாயின் அது குற்றமன்று. எது பலன் தரும், யாருக்குத் தரும், எது தராது என்பவற்றை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தவாறு நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

குடல் வெறும் குழாயன்று. ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் உணவின் சத்துக்கள் உறிஞ்சப்படுகின்றன. அதனை அடுத்து ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அமைந்துள்ளது. சிறுகுடலால் செரிக்க இயலாதவை யாவும் இங்கே வந்து சேருகின்றன. இங்கேதான் நம்முடன் பிறந்து வளராவிடினும், பிறந்த நாள் தொட்டு நம்மிடம் குடியேறிய நுண்ணுயிர்கள் பெருந்திரளாக வாழ்கின்றன. நம் உடலின் உயிரணுக்களைப் போல் இவை பத்து மடங்கு என்று பல ஆண்டுகள் எழுதி வந்தனர். 2016-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் அக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தனர். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும், 30 லட்சம் கோடி உயிரணுக்களும் உள்ளன என்பது அவர்கள் கண்ட முடிவு. இப்பாக்டீரியாக்கள் அனைத்தையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவே இருக்கும்! ஆயினும் அவற்றின் உழைப்பு அவ்வெடைக்கு மிகவும் மேற்பட்டது.

இவற்றுள் நல்லவையும் உண்டு என்னும் எண்ணம் விஞ்ஞானத்தில் வேரூன்றியதற்கு ருஷ்ய நாட்டில் பிறந்து பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய எலி மெட்ச்னிகாப் என்னும் அறிஞர் பெரிதும் காரணமாவார். பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் தயிரை மிகுதியாக உண்டு நெடுநாள் வாழ்கின்றனர் என்றும், தயிரைத் தோய்விக்கும் நுண்ணுயிர்கள் குடலிலுள்ள அழுகலைத் தடுக்கின்றன என்றும் அவர் 1907-ஆம் ஆண்டில் எழுதினார். அடுத்த ஆண்டே, உடலின் தற்காப்பு பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்புகழ் தயிரின் மீதும் படிந்தது. எனினும் மெட்ச்னிகாப் பெருங்குடலைப் பயனற்ற நச்சுக்கிடங்கு என்றே கருதினார். அந்நாளில் லண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கிய ஆர்புத்நாட் லேன் என்பவர், இக்கருத்தின் வழிநின்று, தீராத மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுக்கும் அளவுக்குச் சென்றார். இன்று 'குடலின் நச்சை வெளியேற்றும்' பொடிகளை விற்போர் சொல்லும் சொற்களைக் கேட்கும்பொழுது, நூறாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட அந்தக் கோட்பாடு வேறு உடையில் திரும்பி வந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது. குடல் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். ஈரலும் சிறுநீரகமும் கழிவுகளை நீக்கும். அதற்கெனப் பொடி தேவையில்லை.

மெட்ச்னிகாப் மறைந்த இரண்டாண்டுகளுக்குப் பின், நம் நாட்டில் நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் வேறொரு பாதை திறக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டில் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் மருத்துவர் உணவுக் குறைவால் வரும் நோய்களை ஆராயத் தொடங்கினார். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த அவர், அதற்கு முன் கில்கிட் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். குன்னூரில் குரங்குகளுக்குச் சத்து நீக்கப்பட்ட அரிசி முதலான குறைபட்ட உணவுகளைக் கொடுத்துப் பார்த்தபொழுது, முதலிற் கெட்டது அவற்றின் குடல் என்பதை அவர் கண்டார். குடற்சுவர் மெலிந்தது; அழற்சி தோன்றியது; வயிற்றுக்கடுப்பு எளிதிற் பற்றியது. பின்னர் நாட்டின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிக்கூட்டங்களுக்கு அளித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பருப்பு, பால், பச்சைக் காய்கறி ஆகியவற்றைக் கொண்ட பஞ்சாபியர் உணவு உண்ட எலிகள் கொழுமையாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து ஏழையர் உணவு உண்டவை நலிந்தன. தென்னாட்டாராகிய நமக்கு இது கேட்க இனிய செய்தியன்று. ஆயினும் குற்றம் அரிசியின் மீதன்று, அதனைத் தீட்டித் தவிட்டை நீக்கிய பின் உடன்சேரவேண்டிய பருப்பும் கீரையும் மோரும் இல்லாத வறுமையின் மீதே என்பதை நேயர்கள் உணர்வர். அந்த ஒற்றை அறையே பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

குன்னூரில் கண்ட விளைவுக்கு உயிர்ச்சத்துக் குறைவையே அந்நாளில் காரணமாகக் கூறினர், அது மெய்யே. அதனோடு சேர்த்து எண்ணவேண்டிய இன்னொரு காரணத்தை இக்கால விஞ்ஞானம் காட்டியுள்ளது. தானியத்தின் தவிடு, பருப்பின் தோல், காய்கறியின் நார் ஆகியவற்றை நம் சிறுகுடல் செரிப்பதில்லை. அவை பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கச் செய்து சில சிறிய கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. அவற்றுள் பியூட்ரிக் அமிலம் என்பது பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். நம் உடலின் பிற பகுதிகள் இரத்தத்திலிருந்து உணவு பெறுகையில், இச்சுவர் மட்டும் தன் குடித்தனக்காரர் சமைத்துத் தருவதை உண்டு வாழ்கின்றது! நார் வராத நாட்களில் அந்நுண்ணுயிர்கள் பட்டினி கிடப்பதில்லை. குடற்சுவரைக் காக்கும் வழவழப்பான படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்குகின்றன என்பதை 2016-ஆம் ஆண்டில் சுண்டெலிகளில் செய்த ஆராய்ச்சி காட்டியது.

மனிதரிடத்தும் இத்தகைய மாறுதல் விரைவில் நிகழக்கூடும். அமெரிக்காவில் வாழும் கறுப்பினத்தார் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். 2015-இல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, நார் மிகுந்த கிராமத்து உணவை உண்ட அமெரிக்கரின் குடலில் பியூட்ரிக் அமில உற்பத்தி இரண்டரை மடங்காயிற்று. அமெரிக்க உணவுக்கு மாறிய கிராமத்தாரிடம் அது பாதியாகக் குறைந்தது. குடற் புற்றுநோய்க்கு முன்னோடியான சில அடையாளங்களும் அதற்கேற்ப ஒரு சாராரிடம் குறைந்தும், மற்றவரிடம் மிகுந்தும் காணப்பட்டன. இரண்டே வாரங்களில் இது நிகழ்ந்தது என்பதைக் கருதவேண்டும்.

நம் சமையலறையில் நார் எங்கே இருக்கின்றது? ஹைதராபாத் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் புரட்டினால் விடை கிடைக்கும். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. அதே எடை கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் அளவு உண்டு. முழுக்கோதுமை மாவிலும் ஏறக்குறைய அவ்வளவே. முழுப் பச்சைப்பயறில் 17 கிராம், தோலுடன் கூடிய கொண்டைக்கடலையில் 25 கிராம். கொய்யாப் பழம் ஒன்று, விலையுயர்ந்த அயல்நாட்டுப் பழங்கள் பலவற்றை நாணச் செய்யும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம் நார் வேண்டும் என்று கொண்டால், அரிசியும் ரசமும் மட்டும் உண்பவர் அதில் பாதியையும் எட்டுவது அரிது. ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியோ, கம்பங்கூழோ, சுண்டலோடு ஒரு பழமோ சேர்ப்பவர் புட்டி எதுவும் வாங்காமலே அதனை எட்டிவிடுவர். 2024-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், 2,000 கலோரி உணவில் தானியம் 250 கிராம் அளவில் நிற்க, காய்கறி 400 கிராமும், பழம் 100 கிராமும், பருப்பு வகை 85 கிராமும் சேரவேண்டும் என்கின்றது. காய்கறி தானியத்தைவிட மிகுதியாக இருக்கவேண்டும் என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் ஒப்புக்கொள்வர்!

ஆனால் இன்றே கேட்டு நாளையே ஒரு படி கொண்டைக்கடலையை உண்ணத் தொடங்குபவர் நம்மைப் பழிப்பர். வயிறு உப்பும், வாயு பிரியும். நாரை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் வேண்டும். ஆகையால் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரையும் அதற்கேற்பக் கூட்டவேண்டும். பயறுகளை ஊறவைத்து, ஊறிய நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் தொல்லை குறையும். குடலில் அடைப்போ, தீவிர அழற்சியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் நாரை மிகுத்துக்கொள்ளலாகாது.

இனித் தயிருக்கு வருவோம். புளிக்கவைத்த உணவில் நம் நாட்டுக்கு நிகரான நாடுகள் சிலவே. ஒடிசாவில் சோற்றை நீரில் ஊறவைத்துப் பகாளா என்று உண்கின்றனர். வங்கத்தில் அதற்குப் பாந்தா என்று பெயர். நம்மிடம் அது பழையது. கன்னடத்தார் கேழ்வரகு அம்பலி பருகுகின்றனர். வடநாட்டார் கருங்காரட்டைக் கடுகுப்பொடியுடன் நீரிலிட்டுப் புளிக்கவைத்துக் காஞ்சி என்று குடிக்கின்றனர். கஞ்சி என்னும் நம் சொல்லைக் கேட்டு ஏமாறும் தமிழர்க்கு அங்கே சிவந்த நிறத்தில் ஒரு வியப்பு காத்திருக்கும். மணிப்பூரில் சோயா மொச்சையைப் புளிக்கவைத்து ஹவாய்ஜார் செய்கின்றனர். இவற்றின் பயனைப் பற்றி 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி நினைவுகூரத்தக்கது. 36 பேரை இரு பிரிவாக்கிப் பத்து வாரங்கள் ஒரு பிரிவாருக்கு நார் உணவையும், மற்றவருக்குத் தயிர் முதலிய புளித்த உணவுகளையும் மிகுத்தனர். புளித்த உணவு உண்டவர் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. சிறிய ஆராய்ச்சிதான்; இதனை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. எனினும் காட்டும் திசை நன்று.

ஒன்றை இங்கே பிரித்தறிய வேண்டும். இட்டிலியும் டோக்ளாவும் புளித்த மாவிற் செய்தவையே. ஆனால் ஆவியில் வேகும்பொழுது அந்நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. மோர்க்குழம்பிலும் அவ்வாறே. ஆகவே இட்டிலி உண்டால் உயிருள்ள பாக்டீரியா கிடைக்கும் என்பது தவறு. அதனால் இட்டிலியின் பெருமை குறையாது. புளிப்பின்போது தானியத்திலும் பருப்பிலும் இரும்புச்சத்தைப் பிணித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறைகின்றது. அதனால் இரும்பு உடலில் எளிதிற் சேருகின்றது. சோகை நோய் பரவிய நம் நாட்டில் இது சிறிய நன்மையன்று. உயிருள்ள நுண்ணுயிர் வேண்டுமெனில் தயிரையும் மோரையும் சூடாக்காமல் உண்ணவேண்டும். பழையதற்கு நல்ல நீரும் தூய பாத்திரமும் இன்றியமையாதவை. வெந்த சோற்றை நீர் ஊற்றாமல் வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருப்பது நஞ்சாக முடியக்கூடும்.

கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொருள்களுக்கு 'புரோபயாட்டிக்' என்று பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலிலுள்ள நமக்கு இச்சொல் சிறிது தொல்லை தருவது. 'நலந்தரு நுண்ணுயிர்' என்று பெயர்த்தால், நலம் உறுதி என்னும் பொருள் தானே வந்துவிடுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தார் தந்த விளக்கமோ, போதிய அளவில் உட்கொண்டால் நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர் என்பது. 'போதிய அளவு', 'உயிருள்ள' என்னும் இரு நிபந்தனைகளும் பெயரில் மறைந்துபோகின்றன. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய உணவில் ஒரு நாளைய அளவில் 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்களேனும் இருத்தல் வேண்டும். மருத்துவப் பயனுக்கன்று என்று உறையில் அச்சிடவும் வேண்டும். அவ்வாசகத்தைத் தேடிப் படிப்பவர் மிகச் சிலரே.

இவற்றால் பயனே இல்லையோ எனின், உண்டு. ஆனால் இன்ன நுண்ணுயிர், இன்னாருக்கு, இன்ன நோய்க்கு என்று குறித்துச் சொன்னால்தான் அது பொருளுடையது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் செய்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. தாய்ப்பால் உண்ட, 2 கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கு, பிறந்த சில நாட்களில் தொடங்கி ஏழு நாட்கள், ஒரு வகை லாக்டோபாசில்லஸும் அதற்கு உணவான ஒரு சர்க்கரைப் பொருளும் கொடுத்தனர். இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவுதலும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 என்னும் நிலையிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. ஏழு நாள் மருந்து ஏழைத் தாய்மார் பலரின் மடியைக் காத்தது என்று சொல்லலாம். இதனைக் கேட்டு நிறைமாதத்துக்கு முன் பிறந்த மிகச் சிறிய குழந்தைக்குக் கடையில் வாங்கிப் புகட்டிவிடக் கூடாது. அத்தகைய குழந்தைகளுக்கு இவை கேடு விளைவிக்கலாம் என்று 2023-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்துள்ளது.

கல்கத்தா நகரின் குடிசைப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 3,758 சிறுவர்களிடம் செய்த மற்றோர் ஆராய்ச்சி 2011-இல் வெளியாயிற்று. ஒரு வகைப் பாக்டீரியா அடங்கிய பால்பானத்தைப் பன்னிரண்டு வாரம் நாள்தோறும் பருகியவரிடம் கழிச்சல் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. குறைவு மெய், ஆனால் அளவு சிறிது. அப்பானத்தை நாள்தோறும் வாங்கும் செலவை அக்குடிசைவாசிகள் தாங்குவரோ, நல்ல குடிநீர்க் குழாய் அதைவிடப் பெரிய பயன் தராதோ என்னும் கேள்விகள் நம் மனத்தில் எழாமற் போகா. வளர்ந்தோரின் பொதுவான வயிற்றுத் தொல்லைகளுக்கு நிலை இன்னும் தளர்வானது. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020-இல் ஆராய்ச்சிகள் அனைத்தையும் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலான குடல் நோய்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. ஆண்டிபயாட்டிக் உண்போர் சிலருக்குக் கழிச்சலைத் தடுக்கச் சில வகைகள் உதவுகின்றன. ஆனால் 2018-இல் இஸ்ரேலில் கண்டபடி, அம்மருந்துக்குப் பின் பல வகை கலந்த மாத்திரையை உண்டவரின் சொந்த நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்ப, எதுவும் உண்ணாதவரைவிட நெடுநாள் பிடித்தது. சாதாரணச் சளிக்குத் தானே ஆண்டிபயாட்டிக் வாங்கி உண்ணாதிருப்பதே குடலுக்குச் செய்யும் முதல் உதவி.

துணைப்பொருள்களுள் எளிய விலைக்கு மெய்யான பயன் தருவது இசப்கோல் உமி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மிகுதியாக விளைந்து, ஊஞ்சா என்னும் ஊரின் சந்தை வழியாக உலகெங்கும் செல்வது இது. நீரை ஏற்றுக் கூழாகும் தன்மையால் மலச்சிக்கலை நீக்குகின்றது. குடல் எரிச்சல் நோய்க்கும் பயன்படுகின்றது. ஒரு நிறைகுவளைத் தண்ணீருடன் கரைத்த உடனே பருகவேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்க முடியாதவர் உண்ணலாகாது. வேறு மருந்து உண்போர் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடுதல் நன்று.

குழந்தையின் கழிச்சலில் மட்டும் தயிரையோ பானத்தையோ நம்பிக் காலந்தாழ்த்தக் கூடாது. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியபொழுது, எல்லைப்புறப் பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடும்பத்தார் கையாலேயே பருகச் செய்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கிற்று. அக்கரைசலோடு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகச் சத்தை 14 நாட்கள் கொடுப்பதே இன்றும் முறை. கழிச்சல் நின்ற பின்னும் அதை முடிக்கவேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. கரைசலின் பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் பல கடைகளில் விற்றுவந்தன. உரிய அளவில் உப்பும் சர்க்கரையும் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரைச் சூடக் கூடாதென 2025 அக்டோபரில் ஆணையம் தடுத்தது. ஆகவே பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்கவேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, சோகை, நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் மலம் கழியும் வழக்கம் திடீரென மாறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கேழ்வரகும் மோரும் இசப்கோலும் மருந்தாகா. மூலநோயாக இருக்கும் என்று வீட்டிலேயே முடிவு கட்டிப் பல மாதங்கள் பொடிகளை உண்டு காத்திருப்போர், குடற் புற்றுநோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு வருகின்றனர். தொடக்கத்திற் கண்டால் அது பெரும்பாலும் குணமாக்கத்தக்க நோய். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே முதற் சோதனைகள் செய்யப்படும். அங்கே மருத்துவர் கேட்கும்பொழுது, மலத்தின் நிறம், எத்தனை நாளாக, ஒரு நாளில் எத்தனை முறை என்பவற்றைக் கூசாமல் சொல்லவேண்டும். உண்டுவந்த பொடிகளின் உறைகளையும் கையில் எடுத்துச் சென்று காட்டவேண்டும்.